காவிரிக் கரையா, தாமிரபரணிக் கரையா? ஆற்றோர விடுதியில் ரூம் போடுவதற்கு முன்

ஆற்றங்கரை விடுதியில் ரூம் போடுவதற்கு முன்னால் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள் என்றால் பலர் சிரிக்கிறார்கள். "நாங்க என்ன நாத்து நடவா போறோம்?" என்று கேட்பார்கள். சிரிக்கட்டும். விடுதிக்காரர் போட்டோவில் காட்டுகிற ததும்பி ஓடும் காவிரி, நீங்கள் போகிற மாதத்தில் இருக்குமா என்பதை அந்த அணைதான் தீர்மானிக்கிறது. மே மாதத்தில் திருவையாற்றுப் பக்கம் 'ரிவர் வியூ' என்று கூடுதல் காசு கொடுத்து ரூம் எடுத்தால், ஜன்னலுக்கு வெளியே மணலும் நாணலும் கிரிக்கெட் ஆடும் பையன்களும்தான்.

பெரிய ரிசார்ட்டுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. எட்டு ரூம், பத்து ரூம், முன்னால் தோப்பு, பின்னால் ஆறு, சமையலுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் என்று இருக்கிற சின்ன விடுதிதான் விஷயம். குடும்பமாகப் போகிறோம், கூட முழங்கால் வலியோடு அம்மாவோ மாமியாரோ உண்டு, நீச்சல் தெரியாத பிள்ளைகள் உண்டு, இரண்டு ராத்திரி தங்க வேண்டும். இப்படி யோசிப்பவர்கள் பேச்சில் தமிழ்நாட்டில் வழக்கமாக நாலு இடம் அடிபடும்: ஒகேனக்கல், மசினகுடி, தஞ்சாவூர்–கும்பகோணம் பக்கத்துக் காவிரிக் கரை, அம்பாசமுத்திரம்–பாபநாசம் பக்கத்துத் தாமிரபரணிக் கரை. என் ஓட்டு அம்பைக்குத்தான், அதாவது அம்பாசமுத்திரத்துக்கு. ஆனால் ஆடியிலிருந்து தை வரைக்கும், சில பேருக்கு, காவிரி அதை முந்திவிடும்.

முதலில் கழிக்க வேண்டிய இரண்டு

ஒகேனக்கல் போய்ப் பார்க்க வேண்டிய இடம், அதில் சந்தேகமில்லை. பரிசல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல் எல்லாம் அங்கே தனி ருசி. ஆனால் அது பகலுக்கான ஊர். சாயங்காலம் பரிசல் கரையேறியதும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு சிக்கல், ஆறு அழகாகிற நாளில்தான் அதைத் தொட விட மாட்டார்கள். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும். உடனே மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். ஜூலை, ஆகஸ்ட்டில் இது சகஜம். 2024 ஜூலைக் கடைசியில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்த நேரத்தில் இரண்டு ராத்திரிக்கு ரூம் போட்டவர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் திரும்புங்கள்.

மசினகுடி, மாயாறு பக்கம் யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தச் சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கே பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள்; 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பும் யானைகள் பக்கமே நின்றது. அதனால் விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியாமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். தவிர, அங்கே போகிறவர் காட்டுக்காகப் போகிறார். ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்காருகிற சமாச்சாரம் யானை நடமாடும் இடத்தில் நடக்காது.

காவிரி: நாள் பார்த்துப் போக வேண்டிய ஆறு

டெல்டாவில் காவிரி என்பது மதகு திறந்தால் ஓடுகிற ஆறு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து கீழே போக இன்னும் சில நாள். ஆக, ஜூன் கடைசி வாரத்துக்கு முன் கும்பகோணம் பக்கம் ஆற்றை நம்பிப் போகக் கூடாது.

இந்த 12-ம் தேதியும் கல்லில் செதுக்கியது இல்லை. 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவே முடியவில்லை. 2022-ல் அணை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. அணையின் முழு உயரம் 120 அடி. நீங்கள் ரூம் போடுகிற வாரத்தில் அது நூறுக்கு மேல் நின்றால் தைரியமாகப் போடலாம். அறுபது, எழுபது என்று கிடந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் கோயில்களுக்காக மட்டும் போங்கள்.

விடுதிக்காரர்கள் சொல்லாத இன்னொன்று முறைப்பாசனம். அணையில் தண்ணீர் குறைவாக இருக்கிற ஆண்டில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்துத் திறப்பார்கள். காவிரியில் ஓடும்போது வெண்ணாறு இளைத்திருக்கும். வெண்ணாற்றின் முறை வந்தால் இது இளைக்கும். எனவே விடுதி 'ஆற்றங்கரையில்' இருக்கிறது என்றால், எந்த ஆறு என்று கேளுங்கள். திருவையாற்றைச் சுற்றி மட்டும் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து இருக்கின்றன. கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. ஊருக்குள் ஓடுகிற காவிரி ஒடுங்கி, சாக்கடையும் கலந்து, ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆற்றங்கரையில் தங்குவதென்றால் ஊருக்கு வெளியே, சுவாமிமலைப் பக்கமோ திருவையாற்றுப் பக்கமோ பாருங்கள்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்தக் கரைக்கு ஈடு இல்லை. புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரையைத் தள்ளிக்கொண்டு வரும். அதன் மேல் வாழைமட்டையும் ஆகாயத்தாமரைக் கொத்தும் சுழன்று சுழன்று போகும். இரண்டு நாள் முன்பு ஆடு மேய்ந்த மணலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஆற்றின் இரண்டு பக்கமும் கரைமேல் ரோடு போகிறது; ஒரு சைக்கிள் கிடைத்தால் காலை முழுக்க ஓட்டலாம், ஒரு மேடு கிடையாது. மூட்டு வலிக்காரர்களுக்கும் இது நல்ல செய்தி: எங்கேயும் ஏற்றம் இல்லை, கோயில் வாசல் வரைக்கும் கார் போகும். திருவையாற்றில் அசோகா அல்வா, கும்பகோணத்தில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா, அதற்குப் பிறகு டிகிரி காபி. சாப்பாட்டில் தஞ்சைச் சீமையை அடிக்க முடியாது. திருநெல்வேலிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

குளிப்பது மட்டும் வேறு கதை. டெல்டாவில் மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றுக்குள் எங்கே இருக்கின்றன என்று உள்ளூர்க்காரருக்கே சில சமயம் தெரியாது. கலங்கல் தண்ணீரில் அடி தெரியாது. பிள்ளைகளைப் படித்துறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முங்க வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொள்ளிடத்தில் அதுவும் வேண்டாம்.

இந்தக் கரைக்கு என்று ஒரு வாரத்தைச் சொல்லச் சொன்னால், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கிற வாரத்தைச் சொல்வேன். பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது, கரையிலேயே பந்தல் போட்டுக் காலையிலிருந்து கச்சேரி. ரூம்தான் கிடைக்காது. இரண்டு மாதம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. அந்த மாசியில் அந்தப் பக்கம் நிம்மதியாகத் தங்குகிற யோசனையையே விட்டுவிடலாம்.

தாமிரபரணி: அம்பையில் எது கிடைக்கிறது

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மொத்த ஓட்டமே 130 கிலோமீட்டருக்குள்தான். இந்தச் சின்ன ஆற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மலைமேல் பாபநாசம் அணை (143 அடி), சேர்வலாறு, பக்கத்தில் மணிமுத்தாறு (118 அடி) என்று தேக்கிவைத்து, 'கார்' என்கிற முதல் போக நெல்லுக்கு ஜூன் வாக்கிலும் 'பிசானம்' என்கிற அடுத்த போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகை வாக்கிலும் திறக்கிறார்கள். இடைப்பட்ட காலத்திலும் குடிநீருக்காக ஆற்றில் ஓட்டம் இருக்கும். சித்திரை வெயிலில் முழங்காலளவுக்கு இளைத்துப் போகும், வறட்சி ஆண்டுகளில் அதற்கும் கீழே போனது உண்டு. ஆனால் ஆறு இருக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் மட்டுமே லீவு கிடைக்கிற குடும்பங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஆறு போகிறது. காலை ஆறரை மணிக்கு அங்கே படித்துறையில் இறங்கினால் முதல் படியிலேயே குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். மலை அருகில் இருப்பதால் தண்ணீருக்கு இன்னும் சூடு ஏறியிருக்காது. கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரியும். அசையாமல் நின்றால் விரல் நீளத்துக்கும் குறைவான மீன்கள் வந்து குதிகால் வெடிப்பைக் கொத்தும். பிள்ளைகள் முதலில் அலறுவார்கள், பிறகு வெளியே வர மாட்டார்கள். பக்கத்துக் கல்லில் ஓர் ஆச்சி துணி துவைத்துக்கொண்டே, "அந்தப் பக்கம் போகாதிய, வழுக்கும்" என்பார். அவர் பேச்சைக் கேளுங்கள். பாசி படிந்த பாறைதான் இங்கே எதிரி. காவிரியில் உள்ள பள்ளத்தை விட இதைச் சமாளிப்பது எளிது, ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரிகிறது.

பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டால் பெரிய மீன்கள் கும்பலாக வந்து மோதும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் குளிக்க அந்த இடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பரிகாரம் என்று வருகிறவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். மூட்டை மூட்டையாக வாரினாலும் மறுநாள் மறுபடியும் கிடக்கிறது. காலில் புடவை சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம்தான். சாமி கும்பிட்டுவிட்டு அம்பைப் பக்கம் வந்து குளியுங்கள்.

இரண்டு ராத்திரிக்கு இங்கே பார்க்க வேண்டியது தாராளமாக இருக்கிறது. அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி இரண்டும் வனத்துறைக் கட்டுப்பாட்டில், களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள்; பிளாஸ்டிக், மது எதுவும் உள்ளே போகாது. வெள்ளம் என்றால் மூடிவிடுவார்கள். குற்றாலம் ஒரு மணி நேரத் தூரம். ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வீரவநல்லூர்ப் பக்கம் திருப்புடைமருதூர். கடனாநதி அங்கேதான் தாமிரபரணியில் கலக்கிறது. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் தளம் தளமாகச் சுவர் ஓவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. வெளியே மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் காப்பாற்றிவைத்த அந்தப் பறவைக் கூட்டத்துக்காக 2005-ல் அதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். அம்மாவுக்குக் கோயில், பிள்ளைகளுக்குப் பறவை, நமக்கு ஆறு. மூன்றும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பாபநாசம் ரோட்டில் கார் நகராது, ரூமும் கிடைக்காது. இன்னொன்று மார்கழி மழை. 2023 டிசம்பர் 17, 18-ல் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரையைத் தாண்டித் திருநெல்வேலி டவுனுக்குள் வந்தது, தண்டவாளங்கள் அரித்துப் போயின. அப்படி அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆற்றை ஒட்டிய தரைத்தள ரூமை நான் எடுக்க மாட்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். பாபநாசம் என்ற பெயரில் இரண்டு ஊர் இருக்கிறது. ஒன்று தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணம் போகும் ரயில் பாதையில், ரயில் நிலையத்தோடு. மற்றது திருநெல்வேலி மாவட்டத்தில், அணையோடு, ரயில் இல்லாமல். நாம் ஒப்பிடுகிற இரண்டு கரையிலும் ஆளுக்கொரு பாபநாசம்! இணையத்தில் ரூம் தேடும்போது மாவட்டத்தைப் பார்க்காமல் பணம் கட்டினால் முன்னூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

போக்குவரத்தில் காவிரிக்குத்தான் வெற்றி. சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலையில் கும்பகோணம். அம்பைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரோ பாபநாசம் பஸ்ஸோ பிடிக்க வேண்டும். வயதானவர்களோடு லக்கேஜைத் தூக்கிக்கொண்டு இந்த மாற்றல் கொஞ்சம் அலுப்பு. மதுரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும்.

கரையிலேயே தங்குவதா, டவுனில் தங்கிவிட்டுப் போய்வருவதா?

எந்த ஆறு என்று முடிவானாலும் இந்தக் கேள்வி மிச்சம் இருக்கும். ஆற்றோர விடுதி, டவுன் லாட்ஜைப் போல இரண்டு மூன்று மடங்கு வாடகை கேட்கும். அதற்கு என்ன கிடைக்கிறது? விடியற்காலையும் முன்னிரவும். மற்ற நேரத்தில் ஆற்றுக்கு எல்லோரும்தான் வரலாம், படித்துறைக்கு டிக்கெட் கிடையாது. காலை எட்டு மணிக்கு மேல் எழுந்து, காரிலேயே கோயில் கோயிலாகச் சுற்றப் போகிறவர்கள் கும்பகோணத்திலோ அம்பையிலோ சுத்தமான ஒரு லாட்ஜ் எடுத்தால் போதும். பணமும் மிச்சம், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப்பும் பக்கத்தில். கும்பகோணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். அம்பையில் மட்டும் கரையில் தங்குங்கள். அங்கே ஊர் சின்னது, டவுனுக்கும் ஆற்றுக்கும் ஆட்டோ தூரம்தான், ராத்திரி ஆற்றுச் சத்தம் ரூமுக்குள் கேட்கும்.

கரையில் தங்கினால் வருகிற அசௌகரியங்களையும் கணக்கில் வையுங்கள். கொசு உண்டு. மதியச் சாப்பாட்டைக் காலை டிபனின்போதே சொல்லாவிட்டால் கிடைக்காது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடும், ஏ.சி. ஓடாது. ராத்திரி தோப்புக்குள் டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. பாம்பு நடமாடுகிற இடம்.

ரூம் போடும்போது ஆன்லைனில் படம் பார்ப்பதை விட போனில் இரண்டு நிமிடம் பேசுவது மேல். "ரூம்லேருந்து தண்ணிக்கு எத்தனை படி?" என்று கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்பது அடுத்தது. "இன்னிக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுது, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று கேட்டால் நல்ல விடுதிக்காரர் உடனே அனுப்புவார். பழைய படத்தையே திருப்பி அனுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள விடுதி என்றால், 2025 செப்டம்பர் 22-லிருந்து நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம்தான். பில்லில் பழைய 12 சதவீதம் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற சித்தப்பாவோ அத்தையோ கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் இணையத்தில் பதிய வேண்டும். அந்த வசதி செய்துகொள்ளாத சின்ன இடங்கள், ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வைத்து முடியாது என்று சொல்லிவிடும்.

கடைசியாக அட்வான்ஸ். அருவியை மூடினாலும் ஆற்றில் வெள்ள எச்சரிக்கை வந்தாலும் பணம் திரும்ப வருமா, இல்லை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொண்டு, அதற்கப்புறம் பணத்தை அனுப்புங்கள். ஜூலையில் காவிரிக்கும் நவம்பரில் தாமிரபரணிக்கும் போகிறவர்கள் இதைக் கேட்காமல் இருக்கவே கூடாது.